வீட்டுச் சுவரில் பூசணமா? பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்கும் முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் நேரத்தில்தான் சென்னை வீடுகளில் பூசணம் வெளியே தெரியத் தொடங்கும். பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கரும்புள்ளிகள், பரணிலிருந்து இறக்கிய தோல்பையில் வெண்படலம், படுக்கையறைக் கதவைத் திறந்ததும் மக்கல் வாடை. வீசிங் வரும் குழந்தையோ ஆஸ்துமா உள்ள பெரியவரோ வீட்டில் இருந்தால் மனசு பதறும். பெரும்பாலோர் ஒன்று மேலே ஒரு கோட்டிங் பெயின்ட் அடித்து மறைப்பார்கள், அல்லது இணையத்தில் ஒரு சோதனைக் கிட் வாங்குவார்கள். இரண்டுமே வேண்டாம். வீட்டில் பூசணச் சோதனை என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான். அதற்குத் தேவையானவை ஒரு டார்ச், ஒரு பென்சில், அலுமினியத் தாள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மானி, கொஞ்சம் பொறுமை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பூசண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. சுத்தமான வீடு, அசுத்தமான வீடு என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. வித்து முளைக்கச் சூடும் சாப்பாடும் ஈரமும் வேண்டும். சூடு நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. சாப்பாடு என்பது பெயின்ட், ப்ளைவுட், காகிதம், துணி, தூசி என எதுவாகவும் இருக்கலாம். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். காற்றில் இத்தனை வித்து வரை இருந்தால் உடம்புக்கு ஆபத்தில்லை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஓர் எல்லை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படியோர் அளவு வைக்க முடியாது, ஈரத்தைத் தடுப்பதுதான் வழி என்றே சொல்கிறது. ஆகவே ஆய்வகம் தரும் எண்ணை வைத்து ‘நம் வீடு பாதுகாப்பானது’ என்று முடிவு கட்ட முடியாது.

சுவரைத் தொடுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பூசணம் சும்மா சுவரில் இருப்பதைவிட, அதை நாம் கிளறும்போதுதான் அதிகமாகக் காற்றில் பறக்கும்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அவர்களும் குழந்தைகளும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். வேறு யாராவது செய்யட்டும்.

அறைக்குள் போனதும் முதல் வேலை மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துவது. சோதனை முடிகிற வரை விசிறி சுற்றவே கூடாது. வீட்டின் மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூக்கோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். துணி மாஸ்க்கும், மூக்கில் கட்டிய கைக்குட்டையும் வித்துகளைத் தடுக்காது. சுவரைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சாதீர்கள். அது முன்பக்கம் உறிஞ்சி பின்பக்கம் காற்றில் விட்டுவிடும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பலர் யோசிப்பதில்லை. ஈரம் ஸ்விட்ச் போர்டுக்கு அருகிலோ, மேற்கூரை விளக்கைச் சுற்றியோ இருந்தால் அது பூசணப் பிரச்சினைக்கு முன் மின்சாரப் பிரச்சினை. அந்தப் பகுதிக்கான எம்சிபியை (மெயின் போர்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம். அடுத்தது, பழைய வீடுகளின் பெயின்டைச் சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளின் மூளைக்குக் கேடு.

சுவரில் கறுப்பாக எதையாவது பார்த்ததும் 2021இல் நாம் கேட்டுக் கேட்டு நடுங்கிய ‘கருப்புப் பூஞ்சை’ நினைவுக்கு வரும். அது வேறு. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோய் கொரோனா காலத்தில் பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்தவர்களைத் தாக்கியது. அதில் கறுத்துப்போவது நோயாளியின் திசு. சுவரின் கரும்புள்ளியால் அது எல்லோருக்கும் தொற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். அதற்காகச் சுவர்ப் பூசணத்தை லேசாகவும் விட முடியாது. மூக்கடைப்பு, தும்மல், இருமல், கண் அரிப்பு, ஆஸ்துமா மோசமாவது எல்லாம் அதனால் வருபவை. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு நுரையீரல் தொற்றே வரலாம். வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நிறத்தை வைத்து ஆபத்தை அளக்கவும் முடியாது.

முதல் படி: முகர்ந்து, பார்த்து, குறித்துவைப்பது

வீட்டைச் சில மணி நேரம் பூட்டி வைத்துவிட்டு வெளியே போய்வாருங்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடம் மிக முக்கியம். மூக்கு சீக்கிரம் பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. எந்த அறையில் மக்கல் வாடை அதிகம் என்று அப்போதே எழுதிவையுங்கள். சாத்திய அலமாரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வாடை இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து டார்ச். நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். பெயின்ட் உப்பியிருப்பது, புட்டி பொறிந்திருப்பது, மெல்லிய பூசணப் படலம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, கட்டில் தலைமாட்டின் பின்புறம், பரணின் கடைசி மூலை, சமையலறை சிங்க்குக்குக் கீழே உள்ள ப்ளைவுட், குளியலறைச் சுவரின் மறுபக்கம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட கோடு, சன்ஷேடு வெளியே சுவரில் சேரும் இடத்துக்கு நேர் உள்பக்கம், ஏசியின் தண்ணீர்த் தட்டும் வெளியேற்றும் குழாயும், சுருட்டிவைத்த பாய், மெத்தையின் அடிப்பக்கம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் மூடியைத் திறந்து மேலே பார்க்க வேண்டும். ஜிப்சம் பலகையின் மேல்தாள் பூசணத்துக்கு நல்ல தீனி.

கண்டுபிடித்த ஒவ்வொரு ஈரத் திட்டைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஓர் அளவுகோலைச் சேர்த்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டு கோட்டைத் தாண்டி வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது பின்னால் தேவைப்படும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு உரிமையாளரிடம் பேசும்போது இந்தப் படங்கள்தான் பேசும். ‘நீங்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை’ என்ற பதிலுக்கு அவை ஈடுகொடுக்கும்.

இரண்டாம் படி: அது பூசணம்தானா?

சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோல் தெரிவது பல நேரம் பூசணமே இல்லை. செங்கல், சிமென்டுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து பூத்து நிற்கும். அதன்மேல் ஒரு ஸ்ப்ரே தண்ணீர் அடியுங்கள். உப்பு கரைந்து மறைந்துவிடும். பூசணம் நனைந்து படியும், மறையாது. உப்பாக இருந்தாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். உப்பு பூக்கிறது என்றால் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது.

கறுப்பாக இருப்பது பூசணமா, அழுக்கா, விளக்குப் புகையா என்று தெரியவில்லையென்றால் ப்ளீச் திரவத்தை இயர் பட்ஸில் தொட்டு ஒரே ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் அநேகமாகப் பூசணம். வெளுக்கவே இல்லை என்றால் கரியோ அழுக்கோதான். பூஜை அலமாரிக்கு மேல் இருக்கும் கறை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. ஒரு சொட்டு ப்ளீச் என்றாலும் கவனம் வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோ, அம்மோனியா கலந்த கிளீனரோ பட்ட இடத்தில் ப்ளீச் படவே கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சிங் பவுடருக்கும் இதே எச்சரிக்கைதான்.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கிருந்து?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே அவசரப்பட்டால் பிறகு வருடாவருடம் பெயின்டுக்குச் செலவழிக்க வேண்டிவரும்.

முதலில் ஈரத்தின் வடிவத்தைப் பாருங்கள். தரையிலிருந்து மேலே ஏறி, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் அலைபோல் ஒரு கோடு போட்டு நின்றால், அது தரைத்தளத்தில் ஏறும் ஓதம். கூரையில் வட்டமான பழுப்புக் கறை என்றால் மேலிருந்து ஒழுகுகிறது. மேல் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் சிறு சிறு கரும்புள்ளிகள் பரவியிருந்தால் பெரும்பாலும் காற்றின் ஈரம் சுவரில் படிவதால் வருவது.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். மழை பெய்து ஓரிரு நாளில் பெரிதாகி, வெயிலில் காய்ந்தால் மொட்டைமாடி, வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம் இவற்றில் ஒன்று. மழையே இல்லாதபோதும் இரவு பகல் என்று மாறாமல் ஈரம் நின்றால் தண்ணீர் வரும் குழாய். யாராவது குளித்தபின்தான் கூடுகிறது என்றால் கழிவுநீர்க் குழாய் அல்லது குளியலறை டைல்ஸ் இடுக்கு. வரும் குழாயில் கசிவு என்ற சந்தேகம் இருந்தால், எல்லாரும் தூங்கப் போகும்முன் குழாய்களை இறுக மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, மோட்டார் போடாமல் விட்டு, விடிந்ததும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. தனிவீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். அடுக்குமாடியில் தொட்டி எல்லாருக்கும் பொது என்பதால் உங்கள் வீட்டுக்கு வரும் வால்வை மூடிவைத்து ஈரம் குறைகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும்.

மாடி வீட்டுக் குளியலறை மேல் சந்தேகமா? அவர்களிடம் சண்டையாக ஆரம்பிக்காமல் சோதனையாக ஆரம்பியுங்கள். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரை மூழ்கும்படி ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கீழே உங்கள் கூரையில் ஈரம் புதிதாகப் படர்ந்தால் தரையின் நீர்க்காப்பு போயிருக்கிறது. படரவில்லை என்றால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரேயடியாக விடச் சொல்லுங்கள். அப்போது ஒழுகினால் குழாய் இணைப்பில்தான் கோளாறு. பக்கத்துக் குளியலறையும் சந்தேகத்தில் இருந்தால் தண்ணீரில் சமையல் கலர் பொடி கலந்துவிடலாம். எந்த நிறம் இறங்குகிறதோ அந்த இடம். நிறம் கூரையில் கறை போடும் என்பதை முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரமா, காற்றிலிருந்து படியும் ஈரமா என்ற குழப்பத்துக்கு அலுமினியத் தாள் சோதனை இருக்கிறது. சந்தேகமான சுவரில், பூசணம் இல்லாத பகுதியாகப் பார்த்து, அதைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, ஒன்றரை அடிச் சதுரத் தாளை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் பின்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் ஈரம் என்றால் இரண்டு காரணமும் இருக்கிறது. பெயின்ட் உப்பிய இடத்தில் டேப் ஒட்டாது, சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். ஊசி குத்தி அளக்கும் ஈரமானியைக் கட்டட வேலைக்காரர்கள் கொண்டுவரக்கூடும். அது மரத்தின் ஈரத்தை அளப்பதற்கென்று அமைக்கப்பட்ட கருவி. சுவரில் உப்பு இருந்தால் கூட்டிக் காட்டும். அது காட்டும் எண்ணைவிட, காய்ந்த சுவருக்கும் சந்தேகச் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம்ப வேண்டும்.

காற்றின் ஈரத்துக்கு டிஜிட்டல் ஈரப்பத மானி போதும். வாங்கியதும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். உப்புச் சேறு பைக்குள் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும். மானி 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துக் காட்டுகிறது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. சென்னையில் மழைக்காலத்தில் ஏசி இல்லாத வீட்டில் இது நடக்காது, வெளிக்காற்றே அதற்கு மேல் இருக்கும். அதனால் ஒப்பிட்டுப் பாருங்கள். பால்கனி, கூடம், படுக்கையறை, அலமாரிக்குள் என்று ஒரே மானியை ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் வைத்து எழுதுங்கள். வெளியே இருப்பதைவிட ஓர் அறையில் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் ஈரம் அந்த அறைக்குள்தான் உற்பத்தியாகிறது. உள்ளே உலர்த்தும் துணியாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறையாக இருக்கலாம், சமையல் ஆவியாக இருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம்.

ஏசி அறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூடத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரியைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று தண்ணீராகப் படியும். பக்கத்து அறையில் இரவு முழுக்க 20, 22 டிகிரியில் ஏசி ஓடினால், நடுவிலுள்ள மெல்லிய சுவரின் கூடத்துப் பக்கம் இந்த அளவுக்குக் குளிர்ந்துபோகலாம். காலையில் ஏசியை அணைத்துக் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த அலமாரிக் கதவில் படிவதும் இதே கதைதான். ஒழுகல் எதுவுமே இல்லாத புது ஃப்ளாட்டில் பூசணம் வருவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஏசியை 25, 26இல் வைத்து, பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

ஆய்வகம் எப்போது?

கண்ணால் பார்த்துவிட்ட பூசணத்துக்கு ஆய்வகம் தேவையில்லை. எந்த இனமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: ஈரத்தை நிறுத்தி, பூசணத்தை அகற்றுவது. ஒரு தட்டைத் திறந்துவைத்து மூடச் சொல்லும் வீட்டுக் கிட்டில் எந்த வீட்டிலும் ஏதாவது முளைக்கும். அது வெளியிலிருந்து வந்ததா, சுவரிலிருந்து வந்ததா என்று தெரியாது. அந்தப் பணத்தை பிளம்பருக்குக் கொடுக்கலாம்.

வாடை இருந்தும் இடம் அகப்படாதபோது, மருத்துவர் குறிப்பாகக் கேட்கும்போது, வழக்கு அல்லது காப்பீட்டுக்கு ஆவணம் வேண்டும்போது ஆய்வகம் உதவும். பரப்பு மாதிரிக்கு, தெளிவான செல்லோ டேப்பைப் பூசணத்தின் மேல் மெதுவாக ஒற்றி எடுத்துப் பைக்குள் ஒட்டி அனுப்புவார்கள். காற்று மாதிரி என்றால் ஒரு பம்ப் மூலம் குறிப்பிட்ட லிட்டர் காற்றை இழுத்துப் பசையுள்ள ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் படவைத்து, அதில் ஒட்டிய வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். அதே நேரத்தில் வீட்டுக்கு வெளியேயும் ஒரு மாதிரி எடுக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வெளி மாதிரி இல்லாத உள் மாதிரிக்குப் பொருளே இல்லை. சோதிப்பவரே சுத்தம் செய்யும் ஒப்பந்தமும் எடுப்பவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

உடம்புக்கு நோவு இருந்தால் வீட்டைச் சோதிப்பதோடு நிற்காமல் நுரையீரல் மருத்துவரையோ அலர்ஜி மருத்துவரையோ பாருங்கள். ‘ஊருக்குப் போனால் மூச்சு சரியாகிறது, வீட்டுக்கு வந்தால் இழுக்கிறது’ என்பது போன்ற தகவலை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த பிறகு

மொத்தம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால், மேலே சொன்ன பாதுகாப்போடு நீங்களே சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்திவிடலாம். துணியை உடனே பையில் கட்டிப் போடுங்கள். ப்ளீச் தெளித்துக் கொன்றால் போதும் என்று விடாதீர்கள், செத்த பூசணமும் அலர்ஜி தரும். ஊறிப்போன ஜிப்சம் பலகை, ப்ளைவுட், மெத்தை, தலையணையைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதைவிடப் பெரிய பரப்பு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பரவியது, சாக்கடை கலந்த வெள்ளத்தில் நனைந்தது என்றால் அனுபவமுள்ள ஆட்களிடம் விடுங்கள்.

கசிவை அடைத்தவுடன் பெயின்ட் அடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். சம்மதிக்காதீர்கள். சுவர் உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, பின்பக்கம் உலர்ந்திருந்தால் மட்டும் புட்டி வைக்கச் சொல்லுங்கள். பென்சில் கோட்டுப் படங்களை அழிக்காமல் வைத்திருந்து, அடுத்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் அதே டார்ச்சோடு அதே இடங்களைப் போய்ப் பாருங்கள்.